ஐப்பசிக்குள் ஒரு பிரேம்

மலையடிப்புதூரில் மனிதர்களின் எலும்பு அவரவர் ஓட்டுகிற சைக்கிளின் பிரேமாக மாறத் தொடங்கியதை முதலில் பார்த்தவள், அரசு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வனப்பேச்சி. பார்த்தது ஒரு ஐப்பசிக் காலையில். மேல்நிலைப் பள்ளியின் பி.டி. வாத்தியார் சௌந்தரபாண்டி, கொட்டுகிற மழையில் சைக்கிளில் மலையேறி, இறங்கும்போது வழுக்கி விழுந்து, முழங்கையைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். வனப்பேச்சி படம் எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். எலும்பு இருக்க வேண்டிய இடத்தில் பளீரென்று வெள்ளையாகக் குழாய்கள் இருந்தன. அவை சேருகிற இடத்தில் வெல்டிங் வைத்த தழும்பு வளையல் மாதிரி சுற்றி ஓடியது. மிஷின் கெட்டுவிட்டதென்று நினைத்து மறுபடி எடுத்தாள், மறுபடியும் அதேதான் வந்தது. டாக்டர் படத்தை வாங்கிப் பார்த்து, முறிவு இல்லை, லேசான வளைவு, நல்லெண்ணெய் தடவவும் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார். வாத்தியார் கும்பிட்டுவிட்டு, கொஞ்சம் கனமாக நடந்து போனார்.

அந்த ஊரிலிருந்துதான் மலைப்பாதை தொடங்குகிறது. ஒன்றின் தலைமேல் ஒன்றாக ஏறி ஏலக்காய்த் தோட்டங்களுக்குள் போய் மறைகிற கொண்டை ஊசி வளைவுகளைத் தேடி மதுரையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் ஞாயிற்றுக்கிழமைதோறும் ரேஸ் சைக்கிள்காரர்கள் வந்துபோக, அவர்களைப் பார்த்துப் பார்த்து ஊர்க்காரர்களுக்கும் அந்தக் கிறுக்குப் பிடித்து, நசீர் பாய் சைக்கிள் கடையில் பால்காரர்களின் கறுப்பு சைக்கிள்கள் மூலைக்குப் போய், கூரையிலிருந்து இறங்கிய கொக்கிகளில் சக்கரமில்லாத வெறும் பிரேம்கள் உரித்த ஆடுகளைப்போல வரிசையாகத் தொங்க ஆரம்பித்திருந்தன. ஸ்டீல் ஒரு வரிசை, டைட்டானியம் ஒரு வரிசை, கார்பன் ஒரு வரிசை. ஐப்பசி மழையில் எந்த சைக்கிளின்மேல் உட்கார்ந்து நனைகிறார்களோ அந்த சைக்கிளின் பிரேம் எலும்புக்குள் இறங்கும், ஒருமுறை இறங்கியது இறங்கியதுதான், பிறகு சைக்கிளை மாற்றினாலும் எலும்பு மாறாது என்பது அந்த மழைக்காலம் முடிவதற்குள் ஊருக்கே தெரிந்துபோயிற்று. ஏன் அப்படி என்று யாரும் கேட்கவில்லை. எந்த பிரேம் நல்லது என்றுதான் டீக்கடையிலும் கல்யாண வீட்டிலும் கேட்டுக்கொண்டார்கள்.

ஸ்டீல்காரர்கள் கனத்தார்கள். கட்டில் கால்கள் வளைந்தன, ஜீப்பில் இவர்களை நடுவில் உட்காரவைத்தார்கள், கண்மாயில் குளிக்க இறங்கிய ஒருவர் மிதக்க மறந்துபோனவர்போல நேராக அடிக்குப் போய்விட்டதிலிருந்து அவர்கள் படித்துறையில் செம்பில் மொண்டு குளிக்கப் பழகினார்கள். ஈரக்காற்று அடித்தால் மூட்டில் துரு பூத்தது, துவைத்த வேட்டியில் செம்பழுப்பாகக் கறை இறங்கியது. முறிந்தவர்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் வெல்டிங் பட்டறைக்குக் கொண்டுபோனார்கள். பட்டறைக்காரர் ஒரு கட்டிலும் திரைச்சீலையும் வாங்கிப் போட்டார். ஆனால் ஸ்டீல் உடைவதற்கு முன்னால் மாதக்கணக்காக முனகியது. உடைய இருக்கிற இடம் நடக்கும்போதெல்லாம் கிறீச்சிட்டது. அந்தச் சத்தத்தோடு மனைவிமார்கள் சமைத்தார்கள், பிள்ளைகள் பாடம் படித்தார்கள்.

டைட்டானியக்காரர்களுக்கு எதுவுமே ஆகவில்லை. துரு இல்லை, வலி இல்லை, நரை இல்லை. போன வருடத்துப் போட்டோவில் இருந்த முகமே இந்த வருடமும் இருந்தது. பெண் வீட்டுக்காரர்கள் ஜாதகத்தோடு மாப்பிள்ளையின் பிரேமையும் விசாரிக்கத் தொடங்கியபோது டைட்டானியத்துக்குத்தான் முதல் மரியாதை கிடைத்தது.

கார்பன்காரர்கள் பறந்தார்கள் என்றே சொல்லலாம். ஒரு கையால் தூக்கிவிடலாம், அவ்வளவு லேசு, வாலிபப் பிள்ளைகள் வளைவுக்கு வளைவு சிரித்துக்கொண்டு ஏறினார்கள். எக்ஸ்ரேயில் மட்டும் அவர்களைப் பிடிக்க முடியவில்லை. கார்பன் எலும்பு படத்தில் விழாது. தசையின் நிழலுக்குள் மெல்லிய புகை மாதிரி ஏதோ தெரியும், அவ்வளவுதான். அந்தப் புகையைக் கண்டால் வனப்பேச்சி படத்தைச் சட்டென்று உறைக்குள் போட்டுவிடுவாள்.

அவள் பயப்படுவதற்குக் காரணம் இருந்தது. அவள் மகள் கோபிகா பிறக்கும்போதே தொடை முறிந்து பிறந்தவள். கண்ணாடி எலும்பு என்று மதுரையில் சொன்னார்கள். தும்மினால் விலா விட்டுப்போகும், யாராவது ஆசையாகக் கையைப் பிடித்து இழுத்தால் மணிக்கட்டு போய்விடும். அவளுக்கு எடுத்த படங்களை எல்லாம் எடுத்தவள் அம்மாதான். அந்த முதல் ஐப்பசியில் கைக்குழந்தையாக இருந்த பிள்ளை, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே வளர்ந்து ஆறாம் வகுப்புக்கு வந்திருந்தாள். வாய் ஓயாமல் பேசுவாள், எதிர்வீட்டு ஆட்டுக்கெல்லாம் பெயர் வைத்திருந்தாள். மதுரை டாக்டர் கடைசியாகப் பார்த்தபோது படத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "முதுகுத்தண்டு தேஞ்சுக்கிட்டே வருதும்மா, அடுத்தது அங்க முறிஞ்சா என்னால எதுவும் செய்ய முடியாது" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் வனப்பேச்சியின் புருசன் குருசாமி, தோட்டத்து ஆட்களை மலைக்கு ஏற்றிப்போகிற ஜீப் டிரைவர், கையைக்கூடக் கழுவாமல் சொன்னான்: "ஐப்பசிக்குள்ள புள்ளைக்கு ஒரு சைக்கிள் வாங்கிருவோம் பேச்சி. ரெண்டு பக்கமும் சின்னச் சக்கரம் போட்டு, கண்மாய்க் கரையில மெதுவா உருட்டிக்கிட்டுப் போனாப் போதும்."

"எதுல வாங்க?"

"ஸ்டீல்தேன். வேறென்ன?"

"துருப்பிடிக்கிறதுக்கா?"

"துருப்பிடிச்சா எண்ணெயப் போடுவோம். ஒடஞ்சா ஒட்டுவோம்."

"ஒடையிற பேச்சே இனிமே இந்த வீட்டுல வேணாங்க" என்றாள் வனப்பேச்சி. அவள் காதில் எப்போதும் ஒரு சத்தம் இருந்தது, ஈர விறகை மிதித்தது போன்ற சின்னச் சத்தம், மகள் முறிகிற சத்தம். அதைக் கேட்காத ஒரு நாள் வேண்டுமென்று அவள் வேண்டாத சாமி இல்லை. ஸ்டீலின் முனகல் வேண்டாம். கார்பனை நினைக்கவே வேண்டாம். லோகேஷுக்கு ஆனதை அவள் பார்த்திருந்தாள்.

லோகேஷ் மலையில் ஏறுகிறவர்களிலேயே வேகமான பையன், கல்யாணத்துக்கு நாள் குறித்திருந்தார்கள். எதற்கும் ஒருமுறை பார்த்துக்கொள்வோமென்று வந்து வனப்பேச்சியிடம் தலை முதல் கால் வரை படம் எடுத்துக்கொண்டான். புகைதான் தெரிந்தது. "ஒண்ணுமில்ல தம்பி, சுத்தமா இருக்கு" என்றாள். அந்த வாரமே பஸ் ஸ்டாண்டு டீக்கடையில், அவள் பக்கத்தில் நின்று பார்சல் வாங்கிக்கொண்டிருக்கும்போது, அவன் கையை நீட்டி டீ கிளாசை வாங்கினான். ஓடு விழுந்து நொறுங்கினாற்போல ஒரே ஒரு சத்தம். கிளாசுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவன்தான் இருந்த இடத்தில் இல்லாமல், நனைந்த துணி கொடியிலிருந்து நழுவினதுபோலக் கீழே கிடந்தான், கண் மட்டும் அவளைப் பார்த்து 'சுத்தமா இருக்குன்னியேக்கா' என்று கேட்டதுபோல இருந்தது, பிறகு அதுவும் நிலைகுத்திப்போயிற்று.

அதற்கப்புறம் ஊர் கார்பன்காரர்களிடம் மெதுவாகப் பேசியது. பஸ்ஸில் எழுந்து இடம் கொடுத்தார்கள், கைகுலுக்குவதை விட்டார்கள், கோயில் கூட்டத்தில் அவர்களுக்கென்று கயிறு கட்டி வழிவிட்டார்கள். காலையில் தெருவில் நடந்தால் வீட்டுக்கு வீடு டிக் டிக்கென்று சத்தம் வரும். அம்மாமார்கள் மகன்களின் முழங்காலில் நாணயத்தால் தட்டி, காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். கணீரென்று கேட்டால் சாப்பாடு போடுவார்கள். சத்தம் கொஞ்சம் மங்கினாற்போல இருந்தால் அந்த வீட்டில் அன்றைக்கு அடுப்பு எரியாது.

ஆக, டைட்டானியம். வனப்பேச்சி முடிவு செய்துகொண்டு நசீர் பாய் கடைக்குப் போனாள். அவர் கொக்கிகளுக்குக் கீழே நின்று டைட்டானிய பிரேம் ஒன்றைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் விவரம் சொன்னதும் துடைப்பதை நிறுத்தினார்.

"ஒடையவே ஒடையாதுல்ல பாய்?"

"ஒடையாது தங்கச்சி."

"அப்ப ஏன் யோசிக்கிறீக? ஒங்க மகளுக்கும் அதத்தான குடுத்தீக?"

நசீர் பாய் துணியைத் தோளில் போட்டார். "வீட்டுக்கு வா" என்றார். "பாத்துட்டு அப்புறம் கேளு, வெட்டி வச்சுத் தாரேன்."

கடைக்குப் பின்னாலேயே வீடு. உள்ளே தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு ரேஷ்மா கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். பால்பல் விழாத வாய், குட்டை விரல்கள், ஒன்றாம் வகுப்புக்குப் போகிற பிள்ளையின் முதுகு. போட்டுக்கொண்டிருந்தது பத்தாம் வகுப்புக் கணக்கு. கார் மோதிவிடுமோ, விழுந்துவிடுவாளோ என்று பயந்து பயந்து, அந்த முதல் ஐப்பசியிலேயே சின்ன அளவில் பிரேம் வெட்டி மகளை மழையில் ஓட்டவைத்தவர் நசீர். அவள் விழவும் இல்லை, உடையவும் இல்லை. வளரவும் இல்லை. கூடப் படித்தவர்கள் தாவணி போட்டுப் பரீட்சை எழுதப் போனார்கள், அவளைப் பள்ளிக்கூட வாசலில் புதிதாக வருகிற ஒவ்வொரு வாட்ச்மேனும் ஒன்றாம் வகுப்புப் பக்கம் கைகாட்டி அனுப்பினான்.

"மொதல்ல சந்தோசமாத்தான் இருந்துச்சு" என்றார் நசீர் பாய், மகளுக்குக் கேட்காத குரலில். "செருப்பு மாத்த வேணாம், சட்ட மாத்த வேணாம்னு ஊரெல்லாம் பெருமையாச் சொன்னேன். இப்ப அவ என்னய 'அத்தா'ன்னு கூப்பிட்டாலே பயமா இருக்கு. நான் மவுத்தாகிப் போயிருவேன் தங்கச்சி. இவ இப்படியே இருப்பா. யாரு வச்சுப் பாப்பா?"

ரேஷ்மா நிமிர்ந்து பார்த்தாள். "ஆன்ட்டி, நீங்க எக்ஸ்ரே எடுக்குறவங்கதானே?"

"ஆமாம்மா."

"எனக்கு ஒண்ணு எடுத்துப் பாருங்களேன். உள்ள எங்கயாச்சும் சின்னதா ஒரு விரிசல் இருக்கான்னு." அந்தச் சின்ன முகத்தில் இருந்த அவ்வளவு ஆசையை வனப்பேச்சி தாங்க முடியாமல், டீ போட எழுந்த நசீர் பாயிடம் வேண்டாமென்றுகூடச் சொல்லாமல், செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அதிலிருந்து அவள் எதையும் முடிவு செய்யவில்லை. புரட்டாசி போயிற்று. கூரையிலிருந்து தொங்கும் பிரேம்கள் அவள் கண்ணை மூடினால் ஆடின. கோபிகா கேட்டாள், "எனக்கு எதும்மா?" "பாப்போம்" என்றாள். குருசாமி கேட்டான், "பாப்போம்" என்றாள். ரேஷ்மா மட்டும் தினமும் சாயங்காலம் வந்து கோபிகாவுடன் விளையாடிவிட்டுப் போனாள். மற்ற பிள்ளைகள் போல இழுக்காமல் பிடிக்காமல் பதவிசாக இருக்கிறதே என்று வனப்பேச்சி அதற்கொன்றும் சொல்லவில்லை.

ஐப்பசி பிறந்து, மழை மட்டும் வராமல் இருந்தது. ஒருநாள் மத்தியானம் மலை உச்சி கறுத்து, வளைவு வளைவாக இருட்டு கீழே இறங்கி வர, ஆஸ்பத்திரியில் அவளை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். வீட்டு வாசலில் சக்கர நாற்காலி காலியாக நின்றது. உள்ளே யாரும் இல்லை. எதிர்வீட்டுக்காரி ஆட்டை அவிழ்த்துக்கொண்டே, "நசீர் பாய் மக சைக்கிள்ல வச்சு உருட்டிக்கிட்டுப் போச்சே, ஒனக்குத் தெரியாதா?" என்றாள்.

வனப்பேச்சி ஓடினாள். எந்தப் பக்கமென்று கேட்கக்கூட இல்லை, கால் தானாகக் கண்மாய்க் கரைக்கு ஓடியது. காற்றில் மண் வாசனை வந்துவிட்டது, தண்ணீருக்கு மேல் மழை வெள்ளைத் துணிபோல அக்கரையிலிருந்து நடந்து வந்துகொண்டிருந்தது. கரையின் நடுவில் அவர்கள் தெரிந்தார்கள். ரேஷ்மாவின் சாம்பல் நிறச் சின்ன சைக்கிளில் கோபிகா உட்கார்ந்திருக்க, ரேஷ்மா பின்னால் சீட்டைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு, மழையைப் பார்த்து நேராகப் போய்க்கொண்டிருந்தாள்.

"ஏய் நில்லு! எறங்கு பாப்பா! எறங்கு!"

கோபிகா திரும்பிப் பார்த்தாள். அழுதிருந்தாள். "வேணாம்மா! வளராட்டிப் போகுது! ஒடையாம இருந்தாப் போதும்!"

"ரேஷ்மா, நிறுத்துடி!"

ரேஷ்மா நிறுத்தவில்லை, திரும்பிப் பார்க்காமலே கத்தினாள்: "எல்லாரும் பெரிசாப் போயிட்டாங்க ஆன்ட்டி! இவளாச்சும் எங்கூட இருக்கட்டும்!"

முதல் துளி வனப்பேச்சியின் நெற்றியில் விழுந்தது. மழை இரண்டு தென்னைக்கு அப்பால் இருந்தது. மெதுவாக இறக்க நேரமில்லை, பூப்போலத் தூக்க நேரமில்லை. பிறந்ததிலிருந்து மூச்சுக்கூடப் பலமாகப் படாமல் தொட்டு வளர்த்த பிள்ளையை, அவள் ஓடிவந்த வேகத்தோடு இரண்டு கையாலும் இடுப்பைச் சேர்த்துப் பிடித்து இழுத்தாள். இரண்டு பேரும் கரைச் சரிவில் விழுந்தார்கள். அந்தச் சத்தம் கேட்டது. ஒன்று, பிறகு இன்னொன்று, பிறகு கோபிகாவின் அலறல். மழை வந்து மூடிக்கொண்டது. வனப்பேச்சி மகள்மேல் படாமல் கைகளை ஊன்றிக் கூரைபோலக் குனிந்து நின்று, "எலும்புதேன் தாயி, இன்னும் எலும்புதேன்" என்று பைத்தியம் பிடித்தவள்போலச் சொல்லிக்கொண்டே அழுதாள். கீழே கிடந்த மகள் வலியில் வெளுத்த முகத்தோடு அவளைப் பார்த்து, "நீதேன் ஒடச்ச" என்றாள்.

அந்தப் படத்தையும் வனப்பேச்சிதான் எடுத்தாள். தொடையும் தோள்பட்டையும் முறிந்திருந்தன, முதுகுத்தண்டு தப்பியிருந்தது.

அதற்கப்புறம் கோபிகா அம்மாவிடம் பேசவில்லை. அப்பாவிடம் பேசினாள், ஆடுகளிடம் பேசினாள், வாசலில் வந்து உள்ளே வரப் பயந்து நின்ற ரேஷ்மாவை முதலில் கூப்பிட்டு உட்காரவைத்ததும் அவள்தான். மாவுக்கட்டு வெட்டி எடுத்த பின்னும், தை போய் மாசி போய், கோடை வந்தும், அம்மா ஊட்டினால் வாங்கிக்கொண்டு சுவரைப் பார்த்தபடி மென்றாள். வனப்பேச்சி அந்த வீட்டில் பூனைபோல நடந்தாள். மகள் தன்னை மன்னிக்காமலே முதுகு முறிந்துவிடுமோ என்கிற பயம் காலையில் அவளுக்கு முன்னால் எழுந்து அடுப்படியில் நின்றது.

ஆவணி மாதத்தில் ஒருநாள், சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தவள், பிசைவதை நிறுத்திவிட்டு, பயந்து பயந்து கேட்டாள்: "ஒனக்கு எது வேணும் பாப்பா? நீயே சொல்லு."

கோபிகா சுவரிலிருந்து முகத்தைத் திருப்பினாள். பிறகு, அத்தனை மாதத்துக்கு அப்புறம், "நீ இத மொதல்லயே கேட்டிருக்கலாம்ல?" என்றாள்.

"ஆமா. கேக்கல. பயந்து போயிட்டேன்."

"கார்பன்னு வச்சுக்க, ஒரே நொடிதேன், எனக்கு ஒண்ணுந் தெரியாது. ஆனா நீ தெனமும் தட்டிக் கேட்டுக்கிட்டே இருப்ப. டைட்டானியம்னா நீ செத்ததுக்கப்புறமும் நான் இதே ஒசரத்துல உக்காந்து ஒன்னய நெனச்சுக்கிட்டு இருக்கணும். ரேஷ்மா சொன்னா." அவள் கையை நீட்டித் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "ஸ்டீல் வாங்கும்மா. வலிச்சா வலிக்குதுன்னு சொல்றேன். எனக்குச் சொல்லத் தெரியும்."

"வளருமாடி அது?" என்று குருசாமி வாசலிலிருந்து கேட்டான்.

"பி.டி. சார் மகனும் போன வருசம் ஸ்டீல்ல நனஞ்சான். மெதுவா வளருறான். அவுக வீட்டுல குழாய் நீள நீள வலியில கத்துவானாம், தெருவே கேக்குமாம்."

வனப்பேச்சிக்கு அந்தக் கத்தல் இப்போதே காதில் விழுந்தது. ஆனாலும் தலையை ஆட்டினாள்.

நசீர் பாய் கோபிகாவை அளந்து, சிவப்புப் பெயிண்ட் அடித்த மெல்லிய ஸ்டீல் பிரேம் ஒன்றைத் தானே கட்டிக்கொண்டு வந்தார். அதோடு, வனப்பேச்சி சொல்லியிருந்தபடி, பெரிய அளவில் இன்னொன்றும் வந்தது. குருசாமி அதைப் பார்த்துவிட்டுப் பெண்டாட்டியைப் பார்த்தான். "ஏய், ஒனக்கு ஓட்டவே தெரியாதே."

"பழகிக்கிர்றேன்" என்றாள்.

புரட்டாசி முழுக்க அவள் கண்மாய்க் கரையில் விழுந்து விழுந்து பழகினாள். எதிரே லாரி வந்தால் கண்ணை மூடிக்கொண்டு பக்கத்து வேலியில் போய் நின்றாள். இரும்பாகிக் கனத்துப்போனால் எக்ஸ்ரே அறையில் நாளெல்லாம் எப்படி நிற்பாள், கட்டில் தாங்குமா, வாழ்நாளெல்லாம் துருவோடு கிடப்பதா என்று சொந்தக்காரர்கள் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். எல்லாவற்றுக்கும் அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது.

ஐப்பசியின் முதல் மழை ஒரு காலை வேளையில் வந்தது. கோபிகா சிவப்பு சைக்கிளில் இரண்டு பக்கமும் சின்னச் சக்கரங்களோடு முன்னால் போக, ரேஷ்மா களைப்பே இல்லாத சின்னக் கால்களால் அவளோடு ஓடிவர, வனப்பேச்சி பல்லைக் கடித்துக்கொண்டு பின்னால் மிதித்தாள். மழை முதுகில் இறங்கியது. முதலில் குளிர்ந்தது, பிறகு கால் விரலிலிருந்து ஒரு கனம் ஏறி வந்தது, கெண்டைக்காலுக்கு, தொடைக்கு, இடுப்புக்கு, உள்ளே யாரோ ஒவ்வொரு அறையாகக் கதவைச் சாத்திக்கொண்டு வருவதுபோல. முன்னால் மகள் "அம்மா!" என்று கத்தினாள். என்னவோ ஆயிற்றென்று எட்டிப் பார்த்த வனப்பேச்சி ஹாண்டிலைத் தவறவிட்டு, சேற்றில் சறுக்கி, கையை ஊன்றி விழுந்தாள். மணிக்கட்டில் பாதி எலும்பும் பாதி இரும்புமாக இருந்த ஏதோ ஒன்று விட்டுப்போனது.

எத்தனையோ பேருடைய முறிவைப் படம் பிடித்தவளுக்கு அன்றைக்குத்தான் முதன்முதலாக ஒரு எலும்பு முறிந்தது. மூச்சு நின்று, கண்ணெல்லாம் வெள்ளையாகி, உலகமே அந்த மணிக்கட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

கோபிகா சைக்கிளை வளைத்துத் திருப்பி வந்து நின்றாள். மழையில் நனைந்த முகத்தோடு அம்மாவின் பக்கம் குனிந்து, "வலிக்குதாம்மா?" என்றாள்.

"வலிக்குதுடி" என்றாள் வனப்பேச்சி. "இப்படியா வலிக்கும்? இத்தன வருசமா இப்படியா வலிச்சுச்சு?"

"இதவிடக் கொஞ்சம் கூட."

மகள் அவளை அழவிட்டாள். பிறகு கையை நீட்டினாள். வனப்பேச்சி அந்தக் கையைப் பார்த்தாள், பயந்தாள், நல்ல கையால் அதை இறுகப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.